முதல் ஓட்டம், முதல் பந்தயம்: பெயர் கொடுப்பதற்கு முன்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். "டாக்டர், ஜனவரியில் நடக்கும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஓடலாம் அல்லவா?" கேட்பவர் ஓராண்டுக்கு முன் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவராக இருப்பார், அல்லது அவரை அழைத்துவந்த மகனாகவோ மனைவியாகவோ இருப்பார். பணம் கட்டியாயிற்று, சட்டையின் அளவும் சொல்லியாயிற்று. மருத்துவரின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

ஓட வேண்டும் என்ற ஆசையை நாங்கள் குறை கூறுவதில்லை. வரிசைதான் மாற வேண்டும். முதலில் உடலைச் சோதித்துக்கொள்வது, பிறகு நடப்பது, பிறகு நடையோடு ஓட்டத்தைக் கலப்பது, அதன் பின்னரே எந்தப் பந்தயம் என்று தேடுவது என்ற ஒழுங்கில் சென்றவர்களில் பெரும்பாலோர் பத்திரமாக ஓடி முடித்திருக்கிறார்கள். பந்தயத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு உடலை அதற்குள் திணிக்க முயல்பவர்களே முழங்கால் வலியுடனும் நெஞ்சுப் படபடப்புடனும் எங்களிடம் திரும்பி வருகிறார்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். நலமாக இருப்பதற்கு யாரும் ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு. வேகமான நடை முதல் வகையைச் சேர்ந்தது. ஓட்டம் இரண்டாம் வகை. நடையே போதும் என்று எண்ணுபவர்கள் இக்கட்டுரையை உறவினருக்குக் கொடுத்துவிட்டு நடக்கப் போகலாம்.

ஓடுவதற்கு முன் எங்களைப் பார்க்க வேண்டியவர்கள்

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள், இதய வால்வு அல்லது இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோர் தாமாக ஓடத் தொடங்கக் கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு உறுதியாகக் கூடுவதற்கே ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதன் பிறகும் மறுவாழ்வுப் பயிற்சியில் சில வாரங்கள் கழித்து, டிரெட்மில் சோதனையில் இதயம் எவ்வளவு உழைப்பைத் தாங்குகிறது என்று பார்த்த பின்னரே நாங்கள் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

நோய் ஏதும் இல்லாதவர் என்று தம்மைக் கருதுபவர்களிடமும் நான்கு கேள்விகள் கேட்கிறோம். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், தாடையில் அல்லது இடது கையில் வலி வருகிறதா? முன்பு இல்லாத மூச்சு வாங்கல் இப்போது இருக்கிறதா? உடலுழைப்பின்போது மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் 50 வயதுக்கு முன் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பலர் யோசித்த பிறகே பதில் சொல்வார்கள். "சித்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், அதை மாரடைப்பு என்று சொல்ல முடியாது" என்பார்கள். அந்தச் சித்தப்பாவைப் பற்றித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும். இளம் வயதினர் ஓடும்போது திடீரென இறப்பதற்குப் பரம்பரையாக வரும் இதயத்தசைக் கோளாறுகளும் துடிப்புக் கோளாறுகளும் முக்கியக் காரணங்கள். 35 வயதைக் கடந்தவர்களிடம் பெரும்பாலும் இதயத் தமனி அடைப்பே காரணம். படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்பது மட்டும் ஓடுவதற்கான உரிமச் சீட்டு ஆகாது.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை தாழும் அபாயம் உண்டு. ஓடுவதற்கு முன் விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அவசியம். 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்து, மீண்டும் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். 250க்கு மேல் இருந்து உடலும் அசதியாக இருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்து, இரவில்கூடச் சர்க்கரை இறங்கலாம் என்பதை வீட்டில் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஓட்டத்தைத் தவிர்த்து நடையோ மிதிவண்டியோ தேர்ந்தெடுப்பதே எங்கள் விருப்பம். கொப்புளம் வந்தது தெரியாமலே அது புண்ணாகிவிடும்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு உடலுழைப்பு கூடாது என்ற பழைய எண்ணம் இன்று மாறிவிட்டது. சோர்வைக் குறைப்பதற்கே மிதமான உடற்பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. ஆயினும் ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். எலும்புக்குப் பரவிய நோயில் ஓட்டத்தின் அதிர்ச்சி எலும்பை முறிக்கக்கூடும். ஆகவே உங்கள் புற்றுநோய் மருத்துவரின் சொல்லே இதில் முடிவானது.

உடனிருப்பவர்களுக்கு

கணவரின் பரிசோதனைக்காக மாதந்தோறும் வந்துகொண்டிருந்த ஓர் அம்மையார், அவருடைய மாத்திரைப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார். தம் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டபோது பதில் இல்லை. அன்றே பார்த்தோம், 168க்கு 102 இருந்தது. மருந்து தொடங்கி, அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு, கணவரின் நடைப்பயிற்சிக்குத் துணையாகத் தாமும் நடக்கத் தொடங்கினார். ஏழெட்டு மாதங்களில் இருவரும் ஒரு 5 கிலோமீட்டர் நிகழ்வில் கலந்துகொண்டார்கள். கணவர் முழுவதும் நடந்தார். அம்மையார் பாதி தூரம் ஓடினார்.

நோயாளியைக் கவனிப்பவர்கள் தங்களுக்கென அரைமணி நேரம் ஒதுக்குவதைக் குற்றம்போல் உணர்கிறார்கள். நேரமே இல்லை என்பது பல வீடுகளில் உண்மைதான். படுக்கையில் இருக்கும் தாயைத் தனியே விட்டுவிட்டு அதிகாலையில் மைதானத்துக்குப் போக எல்லோராலும் முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனை வளாகத்திலேயே, நோயாளி டயாலிசிஸிலோ கீமோ நாற்காலியிலோ இருக்கும் நேரத்தில், நடப்பதற்கு வழி சொல்லியிருக்கிறோம். அடித்தளத்திலிருந்து மேல்மாடிவரை படியேறி இறங்குவதும் பயிற்சியே. ஆனால் அதற்கு முன் உங்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். நோயாளியின் சீட்டு வரிசையிலேயே உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முறை

அரைமணி நேரம் நிற்காமல் நடந்தும் மூச்சு முட்டாத நிலை வந்து, அது நான்கு வாரங்கள் நீடித்தால் ஓட்டத்தைக் கலக்கலாம். இதற்குப் பல திட்டங்கள் உண்டு. எங்களுக்குப் பிடித்தது 1996ஆம் ஆண்டில் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் வகுத்தது. ஐம்பது வயதைக் கடந்த தம் தாயை ஓட வைப்பதற்காக அவர் அதை எழுதினார். இன்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையே அதன் ஒரு வடிவத்தை மக்களுக்குப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கியபின், 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். அவ்வளவுதான். வாரம் செல்லச் செல்ல ஓட்டம் நீளும், நடை குறையும்.

எங்கள் நோயாளிகளுக்கு ஒன்பது வாரம் போதாது. ஒவ்வொரு வாரத்தையும் இருமுறை செய்யச் சொல்கிறோம். ஆகவே ஏறக்குறைய நான்கு மாதங்கள். யாருக்கும் அவசரமில்லை.

வேகத்தை அளக்கப் பேச்சைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஓரிரு சொற்களுக்கு மேல் வரவில்லை என்றால் நடைக்கு மாறுங்கள். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு: மெட்டோபிரோலால், பிசோபிரோலால் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களின் நாடி, எவ்வளவு உழைத்தாலும் அதிகம் ஏறாது. கடிகாரம் "நீங்கள் சோம்பேறியாக இருக்கிறீர்கள்" என்று சொல்லும். இதயமோ தன் எல்லையை எட்டியிருக்கும்.

காலணியை மாலை நேரத்தில் வாங்குங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விலை உயர்ந்ததே நல்லது என்ற விதியில்லை. ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற அச்சத்தை ஒவ்வொரு வாரமும் கேட்கிறோம். பொழுதுபோக்காக அளவோடு ஓடுபவர்களிடம் மூட்டுத் தேய்வு அதிகமாகக் காணப்படவில்லை. சும்மா இருப்பவர்களைவிட அவர்களிடம் குறைவாகவே இருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்துபோன மூட்டுகளின் கதை வேறு. அவர்கள் எலும்பியல் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

வலி வருமோ என்று ஓடுவதற்கு முன்பே டைக்ளோபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை உடனே கைவிட வேண்டும். வியர்த்து நீர் இழந்த உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலி என்ற எச்சரிக்கையையும் மறைத்துவிடும். காய்ச்சல் உள்ள நாளிலும், அது விட்ட ஓரிரு நாட்களிலும் ஓடக் கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத்தசையையும் தாக்குகின்றன.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோர நகரங்களில் விடியலுக்கு முன்பும் காற்று ஈரமாக இருக்கும். வியர்வை ஆவியாகாமல் உடல் சூடேறும். புழுக்கத்துக்கு உடல் பழக இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், வெளியூரிலிருந்து வந்து மறுநாளே பந்தயத்தில் இறங்குவது உகந்ததன்று. தாகத்துக்கு ஏற்ப நீர் அருந்துங்கள். லிட்டர் கணக்கில் வெறும் நீரைக் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்குபவர்களும் உண்டு. இதயச் செயலிழப்புக்காக நீரளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவை மீறாமல் எங்களைக் கேளுங்கள்.

பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது பந்தயங்கள் ஒவ்வொன்றும் ஒரு கருப்பொருளைச் சுமந்து வருகின்றன. புற்றுநோய் விழிப்புணர்வு, வண்ணப்பொடி, நள்ளிரவு ஓட்டம், புடவை ஓட்டம், வேடமிட்டு ஓடுதல், படியேறும் பந்தயம் என்று பட்டியல் நீளுகிறது. முதன்முறை ஓடுபவருக்கு இது நல்ல வாசல். நேரத்தைப் பற்றிய கவலை குறைந்து, கூட்டத்தோடு சேர்ந்து செல்லும் மகிழ்ச்சி முன்னால் வருகிறது.

இவற்றில் நாங்கள் எவருக்கும் தயங்காமல் சொல்லும் மாதிரி, டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம். கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸுக்கு எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டது. 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்காகக் கடக்க ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூன் மாதம் 22 வயதில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரில் முதல் ஓட்டம் நடந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் இவ்வோட்டம் நடந்திருக்கிறது. இதில் வெற்றி, தோல்வி இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். முதல் பந்தயம் என்பது யாரும் தோற்க முடியாத ஒன்றாக இருப்பது நல்லது என்று கருதும் எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் தெரியவில்லை.

பெண்கள் மட்டும் பங்கேற்கும் பிங்கத்தான் 2012இல் மும்பையில் தொடங்கி, சென்னை உள்ளிட்ட பல நகரங்களுக்கு வந்தது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வே அதன் கருப்பொருள். புடவையிலும் சுடிதாரிலும் வரும் பெண்களைப் பார்த்து, ஓட்டத்துக்கென்று தனி உடை வேண்டும் என்ற தயக்கம் பலருக்கு விலகியிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. புற்றுநோயிலிருந்து மீண்டவர் புற்றுநோய் ஓட்டத்தில்தான் கலந்துகொள்ள வேண்டும் என்று குடும்பத்தார் எண்ணிக்கொள்கிறார்கள். சிலருக்கு அது பெரும் பலம். வேறு சிலருக்கு, இறந்தவர்களின் படங்களை ஏந்தியபடி ஓடும் கூட்டத்தின் நடுவே நிற்பது தாங்க முடியாததாக இருக்கும். சிகிச்சை முடித்து ஓராண்டான ஒரு பெண்மணி எங்களிடம் சொன்னார்: "எனக்குச் சாதாரண ஓட்டம் போதும் டாக்டர். அங்கே யாருக்கும் என் கதை தெரியாது." அவருடைய மகள்கள் இருவரும் இளஞ்சிவப்புச் சட்டைக்கு ஏற்கெனவே பெயர் பதிந்திருந்தார்கள். அம்மாவின் விருப்பமே நடந்தது. கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓடப்போகிறவருக்கே உரியது.

வண்ணப்பொடி ஓட்டங்களை ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலும் சோளமாவில் நிறமேற்றிய தூள் அது. மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது, காற்றில் அடர்ந்து பரவினால் தீப்பற்றவும் கூடியது. 2015 ஜூன் 27 அன்று தைவானின் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் நடந்த வண்ணக் கொண்டாட்டத்தில் இத்தகைய தூள் தீப்பிடித்து 15 பேர் இறந்தனர். ஏறத்தாழ 500 பேர் காயமுற்றனர். அது ஓட்டம் அன்று, இசை நிகழ்ச்சி. என்றாலும் தூளைக் கூட்டத்தின்மேல் பீய்ச்சி அடிக்கும் எந்த நிகழ்விலும் நினைவில் கொள்ள வேண்டியதே. நள்ளிரவு ஓட்டம் தூக்கத்தையும் மாத்திரை நேரத்தையும் குலைக்கும். படியேறும் பந்தயமும் தடைதாண்டும் பந்தயமும் இதயநோயாளிகளுக்கு முதல் தேர்வாகவே இருக்கக் கூடாது.

பெயர் கொடுப்பதற்கு முன் விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஓடி முடிக்க எவ்வளவு நேரம் தருகிறார்கள்? 5 கிலோமீட்டரை நடந்தே முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். எத்தனை மணிக்குத் தொடக்கம்? ஏழு மணி என்றால் நம் ஊரில் அது தாமதம். வழியில் மருத்துவக் குழுவும் ஆம்புலன்சும் இருக்குமா? நோய்க்காகத் திரட்டும் பணம் எங்கே போகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்களா? கேள்விக்குத் தெளிவான பதில் தராதவர்களிடம் பணம் கட்டாதீர்கள். 10 கிலோமீட்டரும் அரை மாரத்தானும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குரியவை.

பந்தய நாள்

அன்று புதிதாக எதையும் முயலக் கூடாது. காலணி, உணவு, சட்டை எல்லாம் பழகியவையாக இருக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்த உறைவு தடுக்கும் மாத்திரையையும் விடக் கூடாது. சிறுநீர் பிரியும் மாத்திரையை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மார்பில் குத்தும் எண் பட்டையின் பின்புறத்தில் பெயர், நோய், மருந்து, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். நீரிழிவு உள்ளவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் அல்லது வெல்லம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லைக்கோடு கண்ணில் பட்டதும் பாய்ந்து ஓடத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை அரை மாரத்தானிலும் மாரத்தானிலும் கலந்துகொண்ட ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்கு மட்டுமே இதயம் நின்றது தெரியவந்தது. மிக அரிது என்பது ஆறுதல். அவற்றில் பெரும்பாலானவை பந்தயத்தின் இறுதிக் கால் பகுதியிலோ எல்லைக்கோட்டை ஒட்டியோ நிகழ்ந்தன என்பது எச்சரிக்கை. பிழைத்தவர்கள் பிழைத்ததற்கு முக்கியமான காரணம், அருகில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தியது.

ஆகவே உடன் வருபவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒருவர் விழுந்து, அழைத்தால் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் இருந்தால், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை அழுத்த வேண்டும். ஒருமுறை பொம்மையில் செய்து பார்த்தவர்களுக்குக் கை தயங்காது. அடுத்த வருகையின்போது எங்கள் செவிலியர்களிடம் கேளுங்கள், கற்றுத் தருவார்கள்.

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடாமல் பத்து நிமிடம் மெல்ல நடங்கள். திடீரென நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். அன்று மாலைவரை நெஞ்சு வலியோ வழக்கமற்ற மூச்சுத்திணறலோ வந்தால் "களைப்பு" என்று விட்டுவிடாமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அந்த வாரத்தில் மறுபரிசோதனை நாள் குறித்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம். வரும்போது மருந்துச் சீட்டோடு பதக்கத்தையும் எடுத்து வாருங்கள். எங்கள் செவிலியர்கள் பார்க்க ஆசைப்படுவார்கள்.